காகிதக் கூழும் கெங்கையம்மன் தலையும்

பிரஸ் வைத்திருப்பவன் வீட்டுக் குழந்தைக்குக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணப் பத்திரிகையில் கட்டிங் போட்டு விழும் துண்டு, பில் புக்கின் ஓரச் சீவல், மை சரியாக ஏறாமல் ஒதுக்கிய ஷீட் என்று கோணி கோணியாகச் சேரும். முன்பெல்லாம் மொத்தமும் எடைக்குப் போகும். அக்கா மகள் கோடை லீவுக்குக் குடியாத்தம் வர ஆரம்பித்த பிறகு அதில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்துவிடுகிறது. "இருக்கிற குப்பை போதாதுன்னு இது வேறயா" என்பார் அம்மா. ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி வேலை அம்மாவுடையதுதான்.

எங்கள் பக்கத்து மே மாதத்தைப் பற்றி வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் 100 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு மழை வரும் என்று அர்த்தம். காலை பத்து மணிக்கு மேல் குழந்தையைத் தெருவில் விட முடியாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் நுங்கு மட்டையில் வண்டி செய்து உருட்டலாம். அதுவரை அவள் கையில் போனைக் கொடுப்பதா, வேறு எதையாவது கொடுப்பதா என்பதுதான் வீட்டில் தினப்படி நடக்கும் பஞ்சாயத்து.

பாப்பா காட்பாடியில் எல்.கே.ஜி. முடித்திருக்கிறாள். அவள் வரைகிற மனிதர்களுக்கு உடம்பு கிடையாது. பெரிய வட்டம், உள்ளே இரண்டு கண், ஒரு வாய், வட்டத்துக்கு அடியிலிருந்து நேராக இரண்டு கால். கை சமயத்தில் காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிளம்பும். நான், அவளுக்கு ஆயாவான என் அம்மா, பக்கத்து வீட்டு ஆடு, எல்லோருக்கும் இதே அச்சுதான். அக்காவுக்கு இதில் கவலை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் கவுன், சட்டை, பட்டன் எல்லாம் போட்டு வரைகிறார்களாம்.

கவலைப்பட ஒன்றுமில்லை என்று நானே தேடிப் படித்துச் சொன்னேன். அமெரிக்காவில் ரோடா கெல்லாக் என்று ஒரு அம்மா இருந்தார். சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்தியவர். குழந்தைகளின் கிறுக்கல்களை லட்சக்கணக்கில் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்தவர். முதலில் வெறும் கிறுக்கல், பிறகு மூடிய வட்டம், பிறகு வட்டத்துக்குள் கண்ணும் வாயும், அப்புறம் வட்டத்திலிருந்து கால் என்று உலகம் பூராவும் குழந்தைகள் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் மனிதனுக்கு வந்து சேர்கிறார்கள். மூன்று நான்கு வயதில் தலையும் காலும் போதும். வயிறும் சட்டையும் தானாகப் பின்னால் வரும், ஒரு குழந்தைக்கு முன்னே, ஒரு குழந்தைக்குப் பின்னே.

அக்கா பாதி சமாதானம் ஆனாள். எனக்கோ அந்தப் படங்களைப் பார்க்கும்போது வேறொரு சந்தோஷம். தலையை மட்டும் தூக்கிக்கொண்டு ஊரே ஓடுகிற ஊர் எங்களுடையது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசி முதல் தேதி, அதாவது மே 14 அல்லது 15, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்யாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு காலையில் புறப்படும். கோபாலபுரத்தில் கவுண்டன்ய ஆற்றங்கரையில் இருக்கும் கெங்கையம்மன் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை தெருவெல்லாம் பம்பை, சிலம்பம், புலிவேஷம். வழி நெடுக சூறைத் தேங்காய். உடைகிற தேங்காய்த் தண்ணீரில் ரோடே வழுக்கும். கோயிலில் காத்திருக்கும் உடலின்மேல் சிரசைப் பொருத்தினதும் தரிசனம் தொடங்கும். ரேணுகாதேவி கதைதான் இது. ஜமதக்னி முனிவர் பேச்சைக் கேட்டுப் பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். பிறகு அவளுக்கு உயிர் வேண்டுமென்று வரம் வாங்கினான். அவசரத்தில் தலையை வேறொரு பெண்ணின் உடலோடு சேர்த்துவிட்டான்.

பாப்பா போன வருஷம் என் தோள்மேல் உட்கார்ந்து இதைப் பார்த்தாள். இந்த வருஷம் வந்து இறங்கியதும் பையைக்கூடத் திறக்கவில்லை. "மாமா, நாம சாமி தலை செய்லாமா?"

மாவில் செய்யலாமா, களிமண்ணில் செய்யலாமா என்று யோசித்தோம். களிமண் கிடைக்கும், ஆனால் காய்ந்தால் வெடிக்கும், கீழே விழுந்தால் அன்றோடு கதை முடியும். அம்மாதான் "முறம் மெழுகுற கூழுல செய்யேன்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. முறத்தில் மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே சந்து விழும். நொய்யும் ராகியும் அதன் வழியே ஒழுகும். அதற்குப் பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்து, முறத்தின்மேல் மெழுகிக் காயவைப்பார்கள். வெந்தயம் ஊறினால் கொழகொழவென்று வரும், அதுதான் பசை. பூச்சியும் சீக்கிரம் அண்டாது. இப்போது பிளாஸ்டிக் முறம் வந்தபிறகு யாரும் மெழுகுவதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பழைய முறம் இருக்கிறது, மூங்கில் தெரியாத அளவுக்கு மேலே மேலே மெழுகினது.

பசைக்கு மைதா காய்ச்சலாமே என்று கேட்பீர்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சுவது அதுதான். பைண்டிங் வேலையில் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்போம். அது விஷம். குழந்தை விரல் நக்குகிற வேலைக்கு மயில்துத்தம் கலந்த பசை கிட்டேகூட வரக்கூடாது. மயில்துத்தம் இல்லாமல் வெறும் மைதாவில் செய்தால் கரப்பான் விருந்துக்கு வரும். அதனால் வெந்தயமே சரி.

எந்தக் காகிதம் என்பதில் மட்டும் நான் வாத்தியார் ஆனேன், தொழில் அது. கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் பளபள ஆர்ட் பேப்பர் கூழுக்கு ஆகாது. அதன்மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது, அரைத்தாலும் தோல் தோலாக நிற்கும். பூச்சில்லாத அச்சுத்தாளான மேப்லித்தோ பரவாயில்லை, ஆனால் ரொம்ப நேரம் ஊற வேண்டும். நியூஸ் பேப்பர்தான் ராஜா. ஒரே குறை, கை கறுக்கும். அந்த மை எண்ணெய் தாளுக்குள் இறங்கித்தான் நிற்கிறது, மற்ற மைபோல மேலே கெட்டியாகக் காய்வதில்லை. பழைய பேப்பரானாலும் தேய்த்தால் விரலில் வரும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் ஆயிற்று.

கிழிக்கிற வேலையைப் பாப்பாவிடம் விட்டேன். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்தால்தான் ஓரத்தில் நார் பிரிந்து சீக்கிரம் ஊறும். கிழிப்பதற்கு அனுமதி கிடைத்த குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். புத்தகத்தைக் கிழிக்காதே, பில்லைக் கிழிக்காதே என்று வருஷம் பூராவும் கேட்டவள். கொஞ்ச நேரம் ஆவேசமாகக் கிழித்துத் தள்ளினாள். அப்புறம் நிதானித்தாள். ஒரு தாளை மேலிருந்து கீழே கிழித்தாள், நூல் பிடித்தாற்போல நேராக வந்தது. இன்னொன்றைக் குறுக்கே கிழித்தாள், கோணிக்கொண்டு போயிற்று. திரும்பவும் நேரே, திரும்பவும் குறுக்கே. "மாமா, இந்தப் பக்கம் சொன்ன பேச்சு கேக்குது. அந்தப் பக்கம் கேக்கல."

பிரஸ்ஸில் வேலைக்கு வருகிற பெரிய பையன்களுக்கே நான் மெனக்கெட்டுச் சொல்லித்தரும் பாடம் இது. காகிதம் மில்லில் ஓடுகிற திசையில் நார்கள் படுத்துக்கொள்ளும், அந்தத் திசையை நாங்கள் கிரெயின் என்போம். நார் போகிற திசையில் கிழித்தால் தாள் வழிவிடும், எதிராகப் போனால் முரண்டு பிடிக்கும். அட்டையை மடிக்கும்போது கிரெயின் பார்க்காவிட்டால் மடிப்பு வெடிக்கும், பார்ட்டி ஆர்டரைத் திருப்பி அனுப்புவான். பாப்பாவுக்கு நான் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. "ஆமாம் பாப்பா, கேக்காது" என்றதோடு விட்டேன். அவள் அன்றைக்கு வீட்டிலிருந்த தினசரி, வார இதழ், காலண்டர் தாள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கிழித்துப் பேச்சு கேட்கிறதா என்று சோதித்தாள். அம்மா அன்றைய ராசிபலனைப் படிக்கவில்லை.

ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்தெடுத்தோம். மிக்ஸியை நான் எடுத்ததும் அம்மா, "இன்னாடா பண்றே, பிளேடு போய்டும், எடுத்து வை" என்றார். கொல்லையில் கவிழ்ந்து கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி நிமிர்த்தினோம். ஒருத்தர் ஆட்ட, ஒருத்தர் தள்ள, பாப்பா தண்ணீர் தெளிக்க. ஊறின வெந்தயம் உள்ளே விழுந்ததும் சாம்பல் நிறக் கூழ் கையில் இழுபட ஆரம்பித்தது. மணம் வீடு முழுக்க. பிழிந்து உருட்டினால் உருட்டின மாதிரியே நிற்க வேண்டும், விரிசல் விட்டால் இன்னும் கொஞ்சம் வெந்தயம். அளவெல்லாம் கிடையாது, கைதான் அளவு.

நான் முன்கூட்டியே ஒன்று முடிவு செய்திருந்தேன். அவள் தலையில் நான் கை வைப்பதில்லை. கூழை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. கவிழ்த்த மண்சட்டிமேல் தேங்காயெண்ணெய் தடவி அவளுக்குக் கொடுத்தேன், பிறகு கழன்று வருவதற்காக. எனக்கு மேஜைமேல் பின்னும் கிளிப்பும் போட்டுவைக்க ஒரு கிண்ணம் வேண்டியிருந்தது. கொட்டாங்குச்சிமேல் நான் அதைச் செய்தேன்.

இதில்தான் எனக்கு நிஜமாகவே சுகம் கிடைத்தது. குழந்தையோடு கைவேலை என்றால் பெரியவர்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு "அப்படி இல்ல, இப்படி" என்று சொல்வதுதான் வழக்கம். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் போரடிக்கும். ஆளுக்கொரு வேலை இருந்தால் பேச்சே வேறு. நான் என் கிண்ணத்தின் விளிம்பை மெல்லிசாக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் மூக்கு நிற்கவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், என்னோடு இல்லை, மூக்கோடு. நடுவில் என் கிண்ணத்தைப் பார்த்து, "ஓரம் தடியா இருக்கு மாமா" என்றாள். தடியாகத்தான் இருந்தது. மூக்குக்கு என்ன செய்யலாம் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு புளியங்கொட்டையை அழுத்தி, அதன்மேல் கூழ் அப்பினாள். மூக்கு நின்றது.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கண் ஒன்று நெற்றியிலும் ஒன்று கன்னத்திலும் இருக்கிறதே, தள்ளி வைத்துக் கொடுத்தால் என்ன என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். ஆயாவுக்கும் ஒரு உருண்டைக் கூழ் கொடுத்து உட்காரவைத்தோம். அவர் பழைய முறத்தை எடுத்து மெழுக ஆரம்பித்துவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பள்ளிக்கூட கிராஃப்ட் விஷயம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு நான் ஷட்டரை இறக்கும் நேரத்தில் பைக்கில் ஒரு அப்பா வந்து நிற்பார். "நாளைக்குப் பையனுக்கு புராஜெக்ட், நீர்ப் போக்குவரத்து, வான்வழிப் போக்குவரத்து, எல்லாம் கலர் பிரின்ட் வேணும் சார்." பையன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். தெர்மாக்கோலை வெட்டுவது அப்பா, ஒட்டுவது அம்மா, பெயர் எழுதுவது அத்தை. எனக்கு இதில் வருமானம் உண்டு, அதனால் ரொம்பவும் பேசக்கூடாது. ஆனால் நாலு வயதுக் குழந்தையிடம் தெர்மாக்கோல் விமானம் கேட்கிறவர்கள் ஒரு தடவையாவது அதன் கையில் வெறும் பேப்பரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

காயவைப்பதில் எங்கள் ஊருக்குக் கேட்கவே வேண்டாம். வெயில்தான் ஊர் சொத்து. ஆனால் நேரே மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் நின்று, பிளந்துகொள்ளும். முதல் நாள் நிழலில், காற்றாட. மறுநாள்தான் மாடி. தடியாக இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்தால் தெரியும். ஈரம் இருந்தால் சத்தம் அமுங்கும், காய்ந்துவிட்டால் டொக் டொக் என்று வரும். பாப்பா காலை எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் மாடிக்குப் போய்த் தட்டிவிட்டு வருவாள்.

சட்டியிலிருந்து கழற்றி நிமிர்த்தியபோது சாம்பல் நிறத்தில் ஒரு முகம். உதட்டுக்குப் பக்கத்தில் "ரூ." என்று பாதி எழுத்து அரைபடாமல் ஒட்டியிருந்தது. கடையில் போஸ்டர் கலர் வாங்கி வரலாம் என்றேன். "சாமிக்கு மஞ்சள்தான்" என்றாள். சரி, மஞ்சளே ஆகட்டும். மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசினாள். சாம்பல்மேல் மஞ்சள் ஏறாமல் சோகை பிடித்தாற்போல இருந்தது, அதனால் அடியில் ஒரு பூச்சு வெள்ளை கொடுத்து மறுபடி மஞ்சள்.

உதட்டுக்குச் சிவப்பு வேண்டும். இங்கே அம்மா தன் வித்தையைக் காட்டினார். ஆரத்திக்குக் கரைப்பதுபோலக் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர், அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி. சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்கக்கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து. அம்மாவே விரல் நுனியில் எடுத்துக் கரைத்தார். மஞ்சள் தண்ணீர் குப்பென்று ரத்தச் சிவப்பானது. பாப்பா பின்னால் நகர்ந்து என் மடியில் மோதினாள். அப்புறம் அம்மா எலுமிச்சம்பழ மூடியை எடுத்து இரண்டு சொட்டுப் பிழிந்தார். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. திரும்பச் சுண்ணாம்பு, சிவப்பு. திரும்ப எலுமிச்சை, மஞ்சள். மஞ்சளுக்குள் இருக்கும் சாயம் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கும், எலுமிச்சையின் புளிப்பில் பழையபடி ஆகும். பள்ளியில் லிட்மஸ் தாளில் காட்டியதும் இதே சங்கதிதான். அங்கே எனக்கு மார்க் வந்ததோடு சரி. இங்கே ஒரு பழம் முழுக்கக் காலியானது. அன்று ராத்திரி எலுமிச்சை ரசம் என்று அம்மா சொல்லிவைத்திருந்தார், வெறும் ரசம்தான் கிடைத்தது.

கிரீடத்துக்குப் பத்திரிகை வேலையில் மிஞ்சின தங்கத் தாள். எங்கள் பக்கத்துக் கூத்தில் ராஜா வேஷக்காரர்கள் லேசான மரக் கிரீடத்தில் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பார்கள், விளக்கு வெளிச்சத்தில் தலை அசைந்தால் மின்னும். அதை மனதில் வைத்து நான் தங்கத் தாளைச் சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கிரீடத்தில் பாதியும் கன்னத்தில் பாதியுமாக ஒட்டினாள். கன்னம் மின்னினால் தப்பா?

உடம்பு எப்போது செய்வது என்று அக்கா போனில் கேட்டாள். பாப்பா போனைப் பிடுங்கி, "உடம்பு கோயில்ல இருக்கும்மா" என்றாள். அதற்குமேல் அக்கா பேசவில்லை.

திருவிழா அன்று கூட்டத்தில் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டேன், தலை வீட்டிலேயே இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு வருவேன் என்று அழுதாள்தான். தேங்காய் உடைக்கிற கும்பலில் காகிதத் தலை என்ன ஆகும் என்று விளக்கி, ஒரு ஐஸ் வாங்கித் தந்து முடித்தேன். சிரசு எங்களைத் தாண்டிப் போனபோது கும்பிடுவதை விட்டுவிட்டு அவள் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பூவுக்கு நடுவே மூக்கு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் தலைக்குப் பூ வேண்டும் என்றாள். அதுவும் சரிதான், அம்மா தன் கொண்டையிலிருந்து கொடுத்தார்.

லீவு முடிந்து ரயிலில் காட்பாடி போனபோது தலை அவள் மடியில் போனது. இப்போது அங்கே ஷோகேஸில் இருக்கிறதாம். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் வெளுக்கிறது என்று புகார். மஞ்சள் வெயிலில் நிற்காது, வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசு என்று சொல்லியிருக்கிறேன். பூசுகிறாள். அக்கா வீட்டுச் சோபாவில் மஞ்சள் கறை இருக்கிறது என்று எனக்குத் தகவல் வருகிறது, நான் பதில் சொல்வதில்லை.

அடுத்தது புலி வேண்டுமாம், புலிவேஷக்காரர் மூஞ்சி மாதிரி. வாய் திறக்க வேண்டும், பல் தெரிய வேண்டும். பல்லுக்குப் பூசணி விதை என்று அவளே முடிவு செய்துவிட்டாள். மீசைக்குத் தென்னை ஈர்க்கு என்கிறார் அம்மா. ஈர்க்கு கண்ணில் குத்தும், பழைய பிரஷ் முடி போதும் என்கிறேன் நான். நியூஸ் பேப்பரை இப்போதே ஒதுக்கிவைக்க ஆரம்பித்தாயிற்று. பழைய பேப்பர்காரர் இந்த மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.